ஒரு வருடம் முன்னதாக ஆஹனுக்குப் போனவள்

இப்போதெல்லாம் அச்சுப் புத்தகம் கையில் இல்லாத சாமியார் எங்கள் ஸ்பையர் நகரில் கிடையாது. மதுக்கடையில் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், அச்சை முதலில் கண்டுபிடித்தது எந்த ஊர்க்காரன், எதற்காகக் கண்டுபிடித்தான் என்று மேசையைத் தட்டிச் சண்டை போடுகிறார்கள். கடவுள் வார்த்தை பரவ வேண்டும் என்றுதான் என்கிறான் ஒருவன். போடா, காசுக்குத்தான் என்கிறான் மற்றவன். எனக்கு இந்தச் சண்டையைக் கேட்டாலே எரிச்சல் வரும். எங்கள் ஊரிலும் ஒருவர் அந்தக் காலத்தில் இதே பைத்தியத்தோடு ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். மேஸ்திரி வோல்மார் என்று பெயர். வேலை கைகூடாமல் ஊரை விட்டுப் போனதால் இன்று அவரை யாருக்கும் நினைவில்லை. அவர் அதை எதற்காகச் செய்தார் என்று அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டவள் இர்மெல் ஒருத்திதான்.

இர்மெல், மீன்காரர் தெருவில் உப்பு மீன் விற்றவரின் மகள். கரையில் நின்று கூப்பிட்டால் நடு ஆற்றில் போகிற படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான், அப்படிப்பட்ட தொண்டை. பத்தொன்பது வயதில் வெண்டெல் என்ற வார்ப்பு வேலைக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளுக்கு நேர்மாறு. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் நாலு முறை யோசிப்பான், எதையும் விரல் விட்டு எண்ணித்தான் சொல்வான். பிறந்த குழந்தைகள் இரண்டும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார்கள் என்று தெருவில் கேலியாகச் சொல்வார்கள். கேலி என்றாலும் அது நிஜம்தான்.

தகரமும் ஈயமும் உருக்கி வார்ப்பதில் வெண்டெலுக்கு இணையாக ஊரில் ஆள் இல்லை. வெறும் ஈயம் வார்த்தால் நகம் பட்டாலே மழுங்கிவிடும். அது கெட்டியாக வேண்டுமானால் மலையிலிருந்து வரும் ஒரு கறுப்புக் கல்லைப் பொடித்துச் சேர்க்க வேண்டும். குறைந்தால் வளையும், கூடினால் நொறுங்கும். எவ்வளவு சேர்த்தால் போதும் என்பதை வெண்டெல் தராசில் நிறுத்துப் பார்க்கமாட்டான். உருக்குச் சட்டியின் மேல் குனிந்து, கிளம்புகிற புகையை முகர்ந்து சொல்வான். அந்த மூக்குக்காகத்தான் வோல்மார் அவனைத் தன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டார்.

வோல்மார் அப்போது வார்த்தது கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, யாத்திரைக் கண்ணாடி, தகரமும் ஈயமும் கலந்து வார்த்து மெருகேற்றிய சின்ன வில்லை. ஆஹன் பேராலயத்தில் ஏழு வருடத்துக்கு ஒருமுறை, ஜூலை மாதம், மாதாவின் அங்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோபுரத்தின் மேலிருந்து காட்டுவார்கள். கிட்டே போய்த் தொட முடியாது, அவ்வளவு ஜனம். அதனால் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடியை உயர்த்திப் பிடிப்பார்கள். அங்கியிலிருந்து வருகிற அருள் அந்தக் கண்ணாடியில் விழுந்து தங்கிவிடும். அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுவந்து நோயாளியின் மேல் காட்டினால் எழுந்து உட்காருவான். வெண்டெல் ஆயிரத்து நானூற்று முப்பத்து மூன்றில் அங்கே போயிருந்தான். ஒரு ரொட்டிக்கடைச் சுவருக்குப் பின்னால் இடித்துத் தள்ளப்பட்டு, மேலே தூக்கிய கைகளைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் திரும்பி வந்தான். கையில் கண்ணாடியும் இல்லை. அந்தக் கதையை ஒருநாள் பட்டறையில் சொன்னபோது மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்.

"எத்தனை பேர் இருந்திருப்பாங்க வெண்டெல்?"

"எண்ண முடியாது மேஸ்திரி. எல்லார் கையும் ஒரே மாதிரி மேல நின்னுச்சு."

"கண்ணாடி கிடைக்காதவன்?"

"பாதிக்குப் பாதி இருக்கும். என்னை மாதிரி பின்னால நின்னவன் எல்லாம் வெறுங்கையோடதான் வந்தான்."

"அடுத்த தடவை எப்போ?"

வெண்டெல் விரலை விட்டான். முப்பத்து மூன்று ஒன்று, முப்பத்து நாலு இரண்டு, என்று எண்ணிக்கொண்டே போய் முப்பத்து ஒன்பதில் ஏழாவது விரலை மடக்கினான். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் எண்ணுவோம். ஒரு வாரத்தை 'எட்டு நாள்' என்றுதான் சொல்வோம், இன்றைய நாளையும் சேர்த்து. யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

ஒரு சாமியாரிடம் கேட்டிருந்தால் சரியான வருடம் தெரிந்திருக்கும். ஆனால் வோல்மார் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் அடுத்த பட்டறைக்காரனுக்கு மூக்கு வியர்த்துவிடும், அவனும் கண்ணாடி வார்க்க உட்கார்ந்துவிடுவான் என்று பயம். பணம் போட்ட துணி வியாபாரி ரைன்போல்டுக்கும் அதே பயம். மற்ற ஊர்களில் யாரும் கண்ணாடி வார்க்கவில்லை என்று தெரிந்தபோது, ஆஹா, நம் ரகசியம் வெளியே போகவில்லை என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். இத்தனை கெட்டிக்காரர்களுக்கு அதில் ஒரு சந்தேகம்கூட வரவில்லை, என்னத்தைச் சொல்ல!

வெண்டெலிடம் மேஸ்திரி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இது பின்னால நிக்கிறவனுக்காக, வெண்டெல். முன்னால நிக்கிறவன் எப்படியும் பாத்துக்குவான்." அந்த ஒரு வார்த்தைக்காக வெண்டெல் இரண்டு வருடம் அந்தப் புகையில் நின்றான். ஆறாயிரம் கண்ணாடி. முதல் குளிர்காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். அடுத்ததில் முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, ஈறு ஓரத்தில் நீலமாகக் கோடு விழுந்தது. முப்பத்து ஒன்பதாம் வருடம் மே மாதம் கடைசிப் பெட்டிக்கு ஆணி அடித்த வாரத்தில் இரண்டு கைகளும் மணிக்கட்டோடு தொங்கிப்போயின. கரண்டியைப் பிடித்தால் பிடி நிற்கவில்லை. இர்மெல் கஞ்சியை ஊட்டிவிட்டாள்.

"மீனுக்கு முள் எடுக்கிற மாதிரி ஊட்டாதடி, நான் என்ன குழந்தையா?"

"வாயைத் தொற. பேச்சு மட்டும் கொழுப்பா வருது."

அழுதுகொண்டு உட்காரும் ரகம் இல்லை அவள். அவன் வார்த்ததிலேயே நல்ல கண்ணாடி ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினாள். ஆஹனுக்கு எல்லாருக்கும் முன்னால் போய், கோபுரத்துக்கு நேர் கீழே இடம் பிடித்து, அருளைப் பிடித்து வந்து அவன் கை மேல் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். ரகசியம் கெடக் கூடாது என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டதால், கொலோனில் இருக்கிற அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று தெருவில் சொல்லிவிட்டு, வெண்டெலுக்குக் கஞ்சி ஊற்றப் பக்கத்து வீட்டுக்காரியை ஏற்பாடு செய்துவிட்டு, ஜூன் நடுவில் மரப்படகில் ஏறினாள். கொலோன் வரை ஆறு கொண்டுபோனது. அங்கிருந்து மூன்று நாள் நடை. வழியில் யாத்திரைக்காரர் ஒருவரும் தென்படவில்லை. நாம்தான் முதல் ஆள் என்று அவளுக்கு ஒரே பெருமை.

அங்கி காட்டுகிற நாளுக்கு முந்தின நாள் காலையில் ஆஹன் பேராலயத்து வாசலில் போய் நின்றாள். முற்றத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. கோயில்பிள்ளை படியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இடம் எங்க போட்டுக்கலாம்?"

"எதுக்கும்மா இடம்?"

"நாளைக்கு மாதா அங்கி..." என்று கழுத்தில் தொங்கிய கண்ணாடியைக் காட்டினாள்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "அடியே, வெளிய வந்து பாரு! அடுத்த வருஷத்துக்கு இப்பவே இடம் பிடிக்க ஒருத்தி வந்திருக்கா!"

இர்மெல் விரலை நீட்டி எண்ணிக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு அவளுடைய முதல் விரலை மடக்கினார்.

"முப்பத்து மூணை எதுக்கும்மா எண்ணுற? அது காட்டி முடிச்ச வருஷம். அதுக்கு அடுத்ததுதான் ஒண்ணு."

"எங்க ஊர்ல எல்லாத்தையும் இப்படித்தான்யா எண்ணுவோம். எட்டு நாள்னா ஒரு வாரம்."

"எங்க ஊர்லயும் அப்படித்தான். ஆனா மாதா நம்ம விரலைப் பாத்துக்கிட்டு வெளிய வர்றதில்லை."

சிரித்த மனிதர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அவள் கெஞ்சியதால் உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் பெட்டியைக் காட்டினார். பொன் தகடு போர்த்திய பெட்டி. பூட்டின் துளையில் ஈயத்தை ஊற்றி அடைத்திருந்தார்கள், உரிய நாள் வரும்வரை யாராலும் திறக்க முடியாதபடி. இர்மெல் கண்ணாடியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். கோயில்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மூடிய பெட்டியிலிருந்து எதுவும் வராது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கை வலிக்கிறவரை பிடித்துவிட்டுத்தான் இறக்கினாள்.

திரும்பும்போது படகு கிடையாது, ஆற்றை எதிர்த்து நடைதான். பதினைந்து நாள் நடந்தாள். வருடத்தைத் தப்பாக எண்ணியது வெண்டெல். அது தெரிந்தால் மேஸ்திரி அவனைச் சும்மா விடுவாரா, ரைன்போல்ட் விடுவாரா? அதைவிட, அவனே தன்னை விடுவானா? இன்னும் ஒரு வருடம் காத்திருக்க அந்த உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது? இருந்தாலும் மறைக்கக் கூடாது, சொல்லிவிடுவது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள். ஊர்க் கோபுரம் கண்ணில் பட்டபோதுகூட அதே முடிவுதான்.

கதவைத் திறந்தாள். வெண்டெல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஆள் இன்னும் மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, ரொம்ப நேரம் அவள் முகத்தையே பார்த்தான்.

"பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்" என்றாள்.

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்ததை அள்ள முடியவில்லை. நீலப் பட்டு மாதிரி இருந்துச்சு, காத்துல ஆடிச்சு, எனக்கு நேரா மேலதான் காட்டுனாங்க என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் மூடியிருந்த துணியை விலக்கி, கண்ணாடியை அவன் மணிக்கட்டுகள் மேல் காட்டினாள். அவன் கண்ணில் நீர் கொட்டியது. அருள் கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறான் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் காலையே பட்டறைக்குப் போய் மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று பயந்திருந்தாள். அவர் நெற்றியைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"வெண்டெலுக்குத் தெரிய வேணாம் மேஸ்திரி. தெரிஞ்சா செத்துருவான்."

"என் வாயிலேருந்து வராதும்மா. நீயும் சொல்லாத."

ரைன்போல்டிடம், ஆஹனில் கொள்ளைநோய், அங்கி காட்டுவதை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கூசாமல் ஒரு கதை கட்டினார். பெரிய மனசுக்காரர், என் புருஷனைக் காப்பாற்றிவிட்டார் என்று இர்மெல் அவருக்காக ஒரு மெழுகுவத்திகூட ஏற்றினாள்.

அந்த வாரமே வெண்டெல் கையைத் தூக்கிக் காட்டினான். நிஜமாகவே மணிக்கட்டு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. கரண்டி பிடித்தான். இர்மெலுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது, ஒருவேளை மூடிய பெட்டியிலிருந்தும் வந்திருக்குமோ என்று. அடுத்த வாரம் அவன் பட்டறையில் கட்டுகிற தோல் மேலாடையைத் தேடினான்.

"எங்க கிளம்பிட்ட?"

"பட்டறைக்கு. மேஸ்திரி புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கார். கலவைக்கு நான் வேணுமாம்."

"இப்பத்தானய்யா கை தேறுது! உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா?"

"மாதா குடுத்த கை, சும்மா வச்சிருக்கவா குடுத்தா?"

அதற்குமேல் அவளால் என்ன பேச முடியும்? அருள் இல்லை, நீ சும்மா உட்கார்ந்திருந்ததில் தேறிய கை இது, திரும்பப் புகைக்குப் போனால் திரும்பப் போய்விடும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பொய் உடையும். பொய் உடைந்தால் வருடம் தெரிந்துவிடும். தோல் மேலாடையை ஒளித்துவைத்தாள், வேறு ஒன்று வாங்கிக்கொண்டான். சண்டை போட்டாள், சிரித்தான். இரண்டு நாள் சமைக்காமல் கிடந்தாள், காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றுவிட்டுப் போனான்.

அக்டோபரில் திரும்பவும் வயிற்று வலி வந்தது. இர்மெல் நேராகப் பட்டறைக்குப் போனாள். வெண்டெல் கரி வாங்கப் போயிருந்த நேரம். வோல்மார் கண்ணாடிப் பெட்டிகளில் பாதியை உடைத்து, கண்ணாடிகளை அள்ளிச் சட்டியில் போட்டு உருக்கிக்கொண்டிருந்தார். மேசை மேல் ஒரு தட்டில் சுண்டுவிரல் உயரத்துக்குக் குச்சி குச்சியாக ஈயத் துண்டுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் எழுத்து, இடவலம் மாறி.

"எழுத்தா? இதை வச்சு என்ன பண்றது?"

அவர் மூன்று துண்டுகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இதுல எதை முதல்ல வார்த்தேன் சொல்லு பாப்போம்."

"மூணும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அதான்!" சின்னப் பையன் மாதிரி முகம் மலர்ந்தது அவருக்கு. "வரிசையா அடுக்கி, மை தடவி, காகிதத்துல அமுக்கினா ஒரு பக்கம். அதையே ஆயிரம் தடவை அமுக்கலாம். எழுதுறவன் ஒருத்தனும் வேணாம்."

"மேஸ்திரி, இதை எதுக்குப் பண்றீங்க?"

"ஏன் கேக்குற?"

"என் புருஷன் இதுக்காகச் சாகிறான். எதுக்குன்னாவது நான் தெரிஞ்சுக்கிறேன்."

அவர் கிண்டுகிற கோலை எடுத்து வைத்தார்.

"சாமியார் கேட்டார், கடவுள் மகிமைக்குன்னு சொன்னேன். ரைன்போல்ட் கேட்டான், லாபத்துக்குன்னு சொன்னேன். உன் புருஷன்கிட்ட பின்னால நிக்கிறவனுக்காகன்னு சொன்னேன்."

"எனக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"எங்கப்பா ஒரு சாமியார், தெரியுமா உனக்கு?"

ஊருக்கே தெரியும். இர்மெல் தலையாட்டினாள்.

"இருபது வயசுல ஒரு வெள்ளிக் கிண்ணம் செஞ்சு பொற்கொல்லர் சங்கத்துக்குக் கொண்டு போனேன். கைமாத்திக் கைமாத்திப் பாத்தானுங்க. இப்படி ஒரு வேலையைப் பாத்ததில்லைன்னானுங்க. அப்புறம் ஒரு கிழவன் கேட்டான், தம்பி, உங்கப்பா பேர் என்னன்னு. மத்தவன் எல்லாம் சிரிச்சான். முறையாப் பிறக்காதவனுக்குச் சங்கத்துல இடம் கிடையாது, சங்கத்துல இல்லாதவன் பொன்னைத் தொடக் கூடாது. கிண்ணத்தைக்கூடத் திருப்பித் தரல. அன்னைக்கு நினைச்சேன், சங்கமே இல்லாத ஒரு தொழில் வேணும். இதுவரைக்கும் எவனும் செய்யாத தொழில். செஞ்சு முடிச்சு, அதோட வாசல்ல நான் உக்காந்துக்கணும். உள்ள வர்றவன்கிட்ட நான் கேக்கணும், உங்கப்பா யாருடான்னு."

இர்மெலுக்கு முதலில் அவர் மேல் பாவமாகத்தான் இருந்தது. பிறகு வயிறு எரிந்தது. இவ்வளவுதானா? ஒரு கிழவன் சிரித்த சிரிப்புக்கா வெண்டெல் இந்தப் புகையைக் குடிக்கிறான்?

"அவனை விட்டுருங்க மேஸ்திரி. வேற ஆளை வச்சுக்குங்க."

"வேற மூக்கு கிடையாதும்மா. இன்னும் நாலு மாசம். எழுத்து உடையாம நின்னுட்டா அவனுக்கு ஓய்வுதான்."

"நாலு மாசம் தாங்கமாட்டான்."

"அப்ப நீயே நிறுத்து. அருளும் இல்ல ஒண்ணும் இல்ல, அவன் எண்ணின வருஷம் தப்புன்னு சொல்லு. வெட்கத்துல வெளிய தலை காட்டமாட்டான், வீட்டுலயே கிடப்பான். சொல்றியா?"

அவளால் முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். இர்மெல் அந்த மூன்று துண்டுகளையும் தட்டில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். வருகிற வழியெல்லாம், இன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாப்பாட்டின்போது அவன் தன் கையாலேயே ரொட்டியைப் பிய்த்துத் தின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. புனித மார்ட்டின் திருநாளன்று சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். அப்புறம் கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று தள்ளிப் போட்டாள்.

கிறிஸ்துமஸுக்குள் கைகள் திரும்பத் தொங்கிவிட்டன. கை இல்லாமலும் பட்டறைக்குப் போனான். கலவையை முகர்ந்து சொல்லக் கை எதற்கு? ஜனவரி பிறந்து குளிர் முற்றியபோது வலிப்பு வந்தது. பட்டறையிலிருந்து இரண்டு பேர் பலகையில் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். தவக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம் சாமியார் வந்து, சாகப் போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் வெயில் கொஞ்சம் ஜன்னலில் விழுந்தது. வெண்டெல் தெளிவாக இருந்தான். இனிமேல் யாருக்குப் பயப்படுவது என்று இர்மெலுக்குத் தோன்றியது. கட்டிலோரம் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யோவ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆஹன்ல..."

"வேணாம் புள்ள."

"இல்ல, சொல்லித்தான் ஆகணும். நான் எதையும் பாக்கல. பெட்டி பூட்டிக் கிடந்துச்சு. கண்ணாடில ஒண்ணுமே இல்ல. அது அந்த வருஷமே..."

"முப்பத்து மூணை நான் எண்ணியிருக்கக் கூடாது" என்றான் வெண்டெல்.

அவன் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். அவள் கிளம்பிய பிறகு தினமும் ஜன்னலில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தானாம். அங்கி காட்டுகிற வருடம் பாஸல் ஊர்க்காரர்கள் படகில் கொடி கட்டி, பாட்டுப் பாடிக்கொண்டு நம் ஊரைத் தாண்டித்தான் போவார்கள். ஒரு படகுகூட வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திரும்ப எண்ணினானாம்.

"அப்ப நான் வந்த அன்னைக்கே உனக்கு..."

"தெரியும். உன் மூஞ்சில எழுதி ஒட்டியிருந்துச்சு. பாத்தேன்னு சொன்ன பாரு, நீலப் பட்டு, காத்துல ஆடிச்சுன்னு... அவ்வளவு தூரம் நடந்து எனக்காக ஒரு பொய்யைச் சுமந்துக்கிட்டு வந்திருக்க. அதை எப்படி நான் உடைப்பேன்?"

"கை எப்படித் தேறுச்சுன்னும் தெரியுமா?"

"சும்மா இருந்ததுல தேறுச்சு. எந்தப் புகையில போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா போன? பாவி மனுசா, எல்லாம் தெரிஞ்சுமா போன?"

"ஆறாயிரம் கண்ணாடி இர்மெல். என் ஒரு விரலால நின்னு போச்சு. நீ வர்றதுக்கு முன்னாடியே மேஸ்திரிகிட்ட போய்ச் சொல்லிட்டேன். திட்டல. சரி, உழைச்சு ஈடுகட்டுன்னார். உன் பொண்டாட்டிக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான்னார்."

இர்மெலுக்கு, ஊர் திரும்பிய மறுநாள் காலை பட்டறையில் நெற்றியைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரியின் முகம் கண் முன்னால் வந்தது. ஏன் அதிரவில்லை என்று இப்போது புரிந்தது. அக்டோபரில், சொல்லிவிடு, வெட்கத்தில் வீட்டிலேயே கிடப்பான் என்று சொன்னபோதும் அவருக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்தது.

"என்கிட்ட சொல்லியிருந்தா உன் காலை உடைச்சாவது வீட்டுல போட்டிருப்பேனேய்யா" என்று அவள் கத்தினாள். தெருவே கேட்டிருக்கும்.

"அதான் சொல்லல."

"நான் சொல்லியிருந்தா? வந்த அன்னைக்கே, பாக்கலன்னு நான் சொல்லியிருந்தா?"

வெண்டெல் வழக்கம்போல யோசித்தான். எதையும் எண்ணித்தான் சொல்கிற மனிதன், சாகப் போகிற நேரத்திலும் யோசித்துத்தான் சொன்னான்.

"பட்டறைக்குப் போகாம நின்னிருப்பேன்னு நினைக்கிறேன். ரெண்டு பேரும் உக்காந்து ஒண்ணா எண்ணியிருந்தா வெட்கம் பாதிதான இருந்திருக்கும்."

அதற்கப்புறம் பியர் ஒரு வாய் கேட்டான். கொடுத்தாள். அது உள்ளே தங்கவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது.

அடக்கத்துக்கு மேஸ்திரி வோல்மார் வந்திருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். நிஜமாகவே அழுதிருந்தார், கண் சிவந்திருந்தது. எல்லாம் முடிந்ததும் இர்மெல் அருகில் வந்து, ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தவர் போல நின்றார். ஊரே அதிரும் அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எதற்கு மேஸ்திரி என்று கேட்டால் அதற்கும் அவர் ஒரு பதில் வைத்திருப்பார், அவளுக்கென்றே வார்த்த பதில். அதை நம்பிவிடுவோமோ என்று பயந்துதான் அவள் கேட்கவில்லை.